பொருந்திய சொல்லும் விடுபட்ட சொல்லும்: தமிழ்த் தேடலில் காட்ட வேண்டியது எது?

கரமனை ஆறு அகத்தியமலைப் பக்கத்தில் பிறந்து, பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் அணைகளில் தேங்கி, திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் கொடுத்துவிட்டு, கிள்ளியாற்றையும் சேர்த்துக்கொண்டு திருவல்லத்தைத் தாண்டிக் கடலில் விழுகிறது. நகரத்துக்குள் நுழைந்தபின் அதன் தண்ணீர் கெட்டுப்போவதைப் பற்றி எழுத நினைக்கும் ஒருவர், ஒரு தமிழ் நாளிதழின் பழைய செய்திக் கிடங்கில் ‘கரமனை ஆறு மாசு’ என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் தேடுபொறி, ‘கரமனை அருகே ஆறு பேர் கைது’ என்ற வகைச் செய்தியைத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்தும். கரமனை, ஆறு என்ற இரண்டு சொல்லும் அதில் அப்படியே இருக்கின்றன. அவருக்கு உண்மையில் வேண்டிய செய்தியிலோ ‘கரமனையாற்றில் கழிவுநீர்’ என்று இருக்கும். அதில் ஆறு என்ற சொல் தனியாக இல்லை. ஆ என்ற எழுத்துகூட இல்லை. உடம்படுமெய் வந்து அதை யா ஆக்கிவிட்டது. மாசு என்ற இடத்தில் கழிவு இருக்கிறது. வேண்டாதது முழுப் பொருத்தத்தோடு முன்னால் வர, வேண்டியது எங்கோ பின்னால் கிடக்கிறது. பொறி தவறு செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தச் சொல்லை வைத்து இந்த முடிவைக் கொண்டுவந்தோம் என்று அது காட்டுகிறதா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. தேடிய சொற்களில் எது பொருந்தியது, எது பொருந்தவில்லை, பொருந்தியது எந்த வடிவில் பொருந்தியது ஆகிய மூன்றையும் காட்டாத தேடல், தமிழில் பாதித் தேடல்தான் என்பது என் கட்சி.

இந்த ஆறு என்ற சொல்லிலேயே இன்னும் சற்று நிற்கலாம். ஐந்துக்கு அடுத்த ஆறும் தண்ணீர் ஓடும் ஆறும் தனியே நிற்கையில் ஒன்றுபோல் இருக்கின்றன. உருபு ஏற்றால் பிரிந்துவிடுகின்றன: எண் என்றால் ஆறில், நதி என்றால் ஆற்றில். தமிழ் வாசகர் யாருக்கும் இதில் குழப்பம் வராது. ஆனால் தேடுபொறி செய்யும் முதல் வேலையே இந்த வேறுபாட்டை அழிப்பதுதான். விகுதிகளையும் உருபுகளையும் வெட்டி, சொல்லை அதன் பகுதிக்குக் கொண்டுபோனால்தான் ஆறு என்று தேடியவருக்கு ஆற்றில், ஆற்றின், ஆற்றுக்கு எல்லாம் கிடைக்கும். வெட்டும் நிரல் நன்றாக வேலை செய்தால் ஆறில் என்பதும் ஆற்றில் என்பதும் ஒரே பகுதியில் போய் விழுந்துவிடும். பொறிக்குள் தொலைந்த இந்த வேறுபாட்டை வாசகருக்குத் திருப்பிக் கொடுக்க ஒரே வழி, மூலத்தில் சொல் எந்த வடிவில் நின்றதோ அந்த வடிவிலேயே, சுற்றிலும் நான்கைந்து சொற்களோடு, அதைத் துலக்கி, அதாவது நிறமிட்டு எடுப்பாக, காட்டுவது. ‘ஆறில் ஒரு பங்கு’ என்று துலங்கினால் வாசகர் அரை நொடியில் தள்ளிவிட்டுப் போவார். ‘ஆற்றில்’ என்று துலங்கினால் நிற்பார். ஆங்கிலத்தில் தேடிய சொல்லும் கிடைத்த சொல்லும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் துலக்கம் அங்கே ஒரு வசதி. தமிழில் பெயர்ச்சொல் ஒன்று வேற்றுமை, பன்மை, இடைச்சொல் எல்லாம் ஏற்றுப் பல பத்து வடிவம் எடுக்கும், வினையடி ஆயிரக்கணக்கில் எடுக்கும். எழுத்துக்கு எழுத்தான பொருத்தம் இங்கே விதிவிலக்கு. ஆகவே எதைப் பொருத்தம் என்று பொறி எடுத்துக்கொண்டது என்று சொல்லவேண்டிய கடன் இங்கே கூடுதல்.

கணினிக்கு வெகு காலம் முன்பே இந்தக் கேள்வி வந்துவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் டொமினிக்கன் துறவிகள், செயின்ட் ஷேரைச் சேர்ந்த ஹியூவின் மேற்பார்வையில், விவிலியத்துக்குச் சொல்லடைவு செய்தார்கள். 1737இல் அலெக்சாண்டர் குரூடன் ஆங்கில விவிலியத்துக்குச் செய்த தொடரடைவு இன்றும் அச்சில் கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நம் கேள்விக்கு முக்கியம். சொல்லடைவு இடத்தை மட்டும் சொல்லும்: இத்தனையாவது பாட்டு, இத்தனையாவது அடி. போய்ப் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு. தொடரடைவு அந்தச் சொல் நிற்கும் தொடரையே எடுத்துக் கண்ணெதிரே வைக்கும். தமிழில் உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில் அரும்பத அகராதி சேர்த்தது பழைய நூலைத் தேடக்கூடியதாக்கிய பெரிய காரியம். 1894இல் வந்த அவருடைய புறநானூற்றுப் பதிப்பைக் கையாண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதே புறநானூற்றுக்கு முழுச் சொல்லடைவு திருவனந்தபுரத்திலிருந்துதான் வந்தது. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை 1962இல் வெளியிட்ட அந்த நூலைச் செய்தவர் வ.அய். சுப்பிரமணியம். பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானாரே, அவர்தான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967இலிருந்து 1970க்குள் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தது. தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சங்க இலக்கியத்துக்குக் கணினியின் துணையோடு ஒன்று செய்தார்கள். மதுரையைச் சேர்ந்த பேராசிரியர் ப. பாண்டியராஜா இணையத்தில் வைத்திருக்கும் தொடரடைவில், சொல்லைத் தேடினால் அது வரும் அடிகளே முழுதாக வரிசைகட்டி நிற்கின்றன. சொல்லடைவிலிருந்து தொடரடைவுக்கு வந்த இந்தப் பயணம் முழுவதும், ‘இங்கே இருக்கிறது’ என்ற வெறும் உறுதிமொழியிலிருந்து ‘இதோ பார்’ என்ற சான்றுக்கு வந்த பயணம்.

இந்தப் பழைய கைவேலையில் இன்னொன்று உண்டு. பழந்தமிழ்ச் செய்யுளில் சொற்கள் புணர்ந்து கிடக்கும். எங்கே பிரிப்பது, எதைத் தலைச்சொல்லாக வைப்பது, இடைச்சொல்லைத் தனியே எடுப்பதா கூடவே விடுவதா என்று அடைவு செய்கிறவர் ஒவ்வோர் அடியிலும் முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவுகளை முன்னுரையில் எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். பிரிப்பில் உங்களுக்கு உடன்பாடில்லை என்றால், எங்கே போய் மாற்றித் தேடவேண்டும் என்பது அந்த முன்னுரையிலிருந்து தெரிந்துவிடும். இன்றைய தேடுபொறியும் அதே முடிவுகளை எடுக்கிறது, நொடிக்குப் பல ஆயிரம் முறை எடுக்கிறது, ஆனால் அதற்கு முன்னுரை கிடையாது. முடிவுப் பக்கத்தில் துலக்கிக் காட்டப்படும் சொல் ஒன்றுதான் முன்னுரைக்குப் பதிலாக நமக்குக் கிடைக்கும் கிழிசல்.

கணினிக் காலத்தில் இதற்குச் சோதனை ஆதாரமும் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், கட்டுரைத் தலைப்புகளின் ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் நடுவில் நிறுத்தி, இருபுறமும் சூழலை அச்சிட்டுத் தரும் முறையைக் கொண்டுவந்தார். எண்பதுகளின் இறுதியில் பெல்கோர் ஆய்வகத்தில் செய்த சூப்பர்புக் என்ற மின்னூல் இரண்டு காரியம் செய்தது: தேடிய சொல்லை உள்ளே துலக்கிக் காட்டியது; பொருளடக்கத்தில் ஒவ்வோர் இயலின் பக்கத்திலும் அந்தச் சொல் அங்கே எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கை போட்டது. அச்சு நூலை வைத்துக்கொண்டு தேடியவர்களையும் இதை வைத்துத் தேடியவர்களையும் ஒப்பிட்டு, குறைகளைத் திருத்தித் திருத்தி, கடைசியில் அச்சு நூலை முந்தினார்கள். 1995இல் மார்ட்டி ஹர்ஸ்ட் காட்டிய டைல்பார்ஸ் இன்னும் நுட்பமானது. தேடலின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிசை, ஆவணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம்; சொல் மிகுந்து வரும் இடத்தில் கட்டம் கறுத்திருக்கும். இரண்டு வரிசையும் ஒரே இடத்தில் கறுத்திருந்தால் இரண்டு சொல்லும் சேர்ந்து பேசப்படுகின்றன என்று பொருள். நம் எடுத்துக்காட்டில், ஒரு நீண்ட அறிக்கையின் தொடக்கத்தில் மட்டும் கரமனையும் இறுதியில் மட்டும் மாசும் வந்தால், திறந்து பார்க்காமலே அதை ஒதுக்கலாம். 1998இல் டோம்ப்ரோஸும் சாண்டர்சனும் கிளாஸ்கோவில் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. ஆவணத்தின் முதல் சில வரிகளைக் காட்டுவதைவிட, தேடலோடு தொடர்புள்ள வரிகளைப் பொறுக்கிக் காட்டினால் பயனர்கள் விரைவாகவும் சரியாகவும் தீர்மானிக்கிறார்கள், முழு ஆவணத்தைத் திறக்கும் தேவையும் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். டைல்பார்ஸ் பரவலான பயன்பாட்டுக்கு வராமலே போனது. என்னைக் கேட்டால், நல்லது தோற்ற கதைகளில் அதுவும் ஒன்று.

பரவியது கூகுளின் துணுக்கு. பக்கத்தின் தொடக்க வரிகளையே பல பொறிகள் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், தேடிய சொல் வரும் வரியை எடுத்து, சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டு அது காட்டியது. அதைவிட நேர்மையான ஒன்று, பக்கங்களை நகலெடுத்துக் கூகுள் தன்னிடம் வைத்திருந்த சேமிப்புப் பிரதியில் இருந்தது. அந்தப் பிரதியைத் திறந்தால் தேடிய சொல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் துலங்கும். பக்கத்தில் இல்லாத சொல் இருந்தால், அது இந்தப் பக்கத்துக்கு வரும் இணைப்புகளில் மட்டுமே உள்ளது என்று மேலே ஒரு குறிப்பு நிற்கும். 2003இல் ‘படுதோல்வி’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தேடினால் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது. குறும்புக்காரர்கள் பல தளங்களிலிருந்து அந்தத் தொடரால் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் அந்தச் சொற்கள் இல்லவே இல்லை. ஏன் இந்த முடிவு வந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு அந்தக் குறிப்பு ஒன்றே விடை சொன்னது. கூகுள் 2007இல் இந்த விளையாட்டை அடக்கியது. சேமிப்புப் பிரதியையே 2024இல் எடுத்துவிட்டது. மிஞ்சியிருப்பது, முடிவின் அடியில் சிறு எழுத்தில், சில நேரம் மட்டும் வரும் ஒரு வரி: இன்ன சொல் இதில் இல்லை என்று அந்தச் சொல்லின் மேல் கோடு அடித்துக் காட்டுவது. பொருந்தியதைக் காட்டுவது விளம்பரம்போல் எல்லாரும் செய்கிறார்கள். விடுபட்டதைச் சொல்லத்தான் மனம் வருவதில்லை. தேடுபவருக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும். ‘கரமனை ஆறு மாசு’ என்று தேடி வந்த கைதுச் செய்தியின் அடியில் மாசு என்ற சொல் கோடு அடிபட்டு நின்றால், அதைத் திறக்கும் வேலையே இல்லை.

இனி தமிழுக்கே உரிய இடர்களுக்கு வரலாம். திருவனந்தபுரத்தின் கரமனைப் பகுதியில் மலையாளமும் தமிழும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஊர்ப்பெயரை மலையாள வழக்கப்படி கரமன என்று தட்டச்சு செய்பவர்கள் தமிழிலும் உண்டு. கரமன என்ற தேடலைக் கரமனை என்ற மூலத்தில் பொருத்திய பொறி, பொருந்திய அளவுக்கு மட்டும் மஞ்சள் அடிக்கப் பார்க்கும். கணினி சேமிப்பில் க, ர, ம, ன என்ற நான்கும் பொருந்துகின்றன. ஐகாரக் குறி மட்டும் மிச்சம். சேமிப்பில் அந்தக் குறி னகரத்துக்குப் பின்னால் நிற்கிறது, திரையிலோ முன்னால் தெரிகிறது. பின்னால் உள்ளதை விட்டுவிட்டு மஞ்சள் அடித்தால், கண்ணுக்கு முன்னால் தெரியும் குறியை என்ன செய்வது? சில இடங்களில் குறி தனியே பிய்ந்து ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். சில இடங்களில் நிறம் பாதி எழுத்தில் வழியும். தமிழில் துலக்கம் எழுத்தின் எல்லையில், இன்னும் சரியாகச் சொன்னால் சொல்லின் எல்லையில், நிற்க வேண்டும் என்ற எளிய விதியை இந்த ஓர் ஊர்ப்பெயரே கற்றுக்கொடுத்துவிடுகிறது. தடித்த எழுத்தும் நமக்கு ஒத்துவராது. சுழியும் வளைவும் நிறைந்த ண, ஞ, இ போன்றவை சிறிய அளவில் தடித்தால் உள்ளே அடைத்துக்கொண்டு வாசிக்கவே முடியாமல் போகும். பின்னணி நிறமோ அடிக்கோடோ போடுவதே முறை.

கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் இருப்பவை வேறு. திருவிதாங்கூரை 1815 முதல் 1829 வரை ரீஜென்டாக ஆண்ட கௌரி பார்வதி பாயின் பெயரில் முதல் எழுத்தை ககரத்தோடு ஔகாரக் குறியாகவும் எழுதலாம். கெ என்று அடித்து அதன் பின் ளகரத்தையும் போட்டு, கண்ணுக்கு அதேபோல் தோன்றும்படியும் எழுதலாம். இரண்டாவது பிழைதான், ஆனாலும் இணையத்தில் எங்கும் கிடக்கிறது. பக்கத்தில் பெயர் பளிச்சென்று தெரியும்போது, பொறி அந்தச் சொல் இல்லை என்று கோடு அடித்துக் காட்டினால் வாசகர் பொறியைத்தான் சந்தேகிப்பார். மலையாளத்திலும் இந்தத் தொல்லை உண்டு. 2008இல் வந்த யூனிகோட் 5.1 சில்லெழுத்துகளுக்கு, அதாவது உயிர் சேராத மெய்களின் தனி வடிவங்களுக்கு, தனி எண் கொடுத்தது. அதற்கு முன்பு எழுதியவை மெய்யோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியைச் சேர்த்துச் சேமிக்கப்பட்டவை. கரமனையில் என்பதற்கான மலையாளச் சொல்லின் கடைசி எழுத்தே சில்லுதான். ஆக அந்தச் சொல் இரண்டு விதமாகச் சேமிப்பில் இருக்கும். இவற்றையெல்லாம் உள்ளே ஒன்றாக்கிக்கொள்வது பொறியின் வேலை. ஒன்றாக்கியதால் கிடைத்த பொருத்தம் என்றால், மூலத்தில் உள்ளபடியே துலக்கிக் காட்டுவதும் அதன் வேலை.

பெயர்களின் வரலாறு இன்னொரு சுமை. திருவிதாங்கூர், திருவாங்கூர், வேணாடு என்று ஒரே நிலத்துக்குப் பல பெயர். திருவனந்தபுரம் என்பதைத் திருவநந்தபுரம் என்று பழைய அச்சில் காணலாம். 1956 நவம்பர் 1இல் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துக்குப் போய்க் கன்னியாகுமரி மாவட்டமாயின. அதற்கு முந்திய ஆவணத்தில் நாகர்கோவிலைக் கன்னியாகுமரி மாவட்டம் என்று தேடிப் பயனில்லை. நல்ல பொறி இதையெல்லாம் தானாக விரித்துத் தேடும். விரித்துத் தேடுவது சரி. விரித்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் சிக்கல். ஊர்ப்பெயர் பொதுச்சொல்லாகவும் இருந்துவிட்டால் விரிவே வினையாகும். கரமனையிலிருந்து கிள்ளிப்பாலம் தாண்டிப் போனால் வருகிற ‘சாலை’ என்ற பகுதி நகரத்தின் பெரிய கடைவீதி, எழுத்தாளர் ஆ. மாதவனின் பல கதைகளுக்குக் களம் அதுவே. சாலை என்று தேடினால் ரோடு, நெடுஞ்சாலை, பைபாஸ் எல்லாம் ஒருபொருட் சொல்லாக விரிந்து வரும். மாதவனைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தவருக்கு நெடுஞ்சாலைத் துறையின் டெண்டர் அறிவிப்பு எதற்கு? ‘சாலை என்பதை ரோடு என்றும் எடுத்துக்கொண்டேன்’ என்று ஒரு வரி இருந்தால் அவர் அதை அணைத்துவிடுவார்.

வருடி எடுத்த பழைய நூல்களில் இந்தத் தேவை உச்சத்துக்குப் போகிறது. எழுத்துணரி நிரல் பக்கப் படத்தைப் படித்து எழுத்தாக்குகிறது; வாசகர் பார்ப்பது படத்தை, பொறி தேடுவது எழுத்தை. இரண்டுக்கும் இடையில் பிழைகள் ஒளிந்துகொள்கின்றன. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு வேறு வடிவம். கரமனை என்ற பெயரின் கடைசி எழுத்து இந்த நான்கில் ஒன்று. புதிய அச்சில் மட்டும் பழகிய நிரல் பழைய நூலில் இந்தப் பெயரிலேயே தடுக்கி விழ வாய்ப்பிருக்கிறது. இணைய ஆவணக் களஞ்சியமும் கூகுள் புத்தகமும் செய்வதுபோல், பக்கப் படத்தின்மேலேயே பொருந்திய இடத்துக்கு நிறக் கட்டம் போட்டுக் காட்டினால், நிரல் எதைப் படித்து எதுவென்று நினைத்தது என்று வாசகரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். படத்தை மட்டும் கொடுத்து, ‘இந்த நூலில் இருக்கிறது’ என்று நானூறு பக்கத்தைக் கையில் திணிக்கும் தேடல், சொல்லடைவுக்கும் முந்திய காலத்துக்கு நம்மைத் தள்ளுகிறது. சொல்லடைவாவது பாட்டும் அடியும் சொன்னது.

எதிர்வாதங்கள் உண்டு, சில வலுவானவை. ‘பொதுமக்களுக்கு விடை போதும், பொருத்தத்தின் கணக்கு எதற்கு’ என்பது முதலாவது. மேலே சொன்ன கிளாஸ்கோ ஆய்வே இதற்குப் பதில்: கணக்கு கேட்காதவர்களும் அந்த வரியைப் பார்த்துத்தான் எதைத் திறப்பது என்று முடிவுசெய்கிறார்கள். இரண்டாவது வாதம் கூர்மையானது: துலக்கம் ஏமாற்றும். மஞ்சள் அடித்த சொல்லில் கண் போய் ஒட்டிக்கொள்ளும், சுற்றியுள்ளதைப் படிக்காமல் ‘கிடைத்துவிட்டது’ என்ற நம்பிக்கை வந்துவிடும். வழக்கறிஞர்களும் மாணவர்களும் தீர்ப்பு நகல்களில் துலங்கிய வரியை மட்டும் எடுத்து, அடுத்த வரியில் நீதிமன்றம் அதை மறுத்திருப்பதைக் காணாமல் போகலாம். இதை மறுக்க மாட்டேன். சொல் பொருந்துவது வேறு, பொருள் பொருந்துவது வேறு. ஆனால் இதற்கு மருந்து துலக்கத்தை எடுப்பதில் இல்லை. வெட்டுத்துண்டைக் காட்டாமல் முழு வாக்கியத்தைக் காட்டுவதிலும், விடுபட்ட சொல்லையும் கூடவே சொல்வதிலும் இருக்கிறது. மஞ்சளைத் துடைத்துவிட்டால் வாசகர் முழுவதும் படிப்பார் என்று நினைப்பது வாசகரைப் பற்றிய நல்லெண்ணம், நடப்பு அப்படியில்லை. மூன்றாவது, பொருத்தத்தின் ரகசியத்தைக் காட்டினால் ஏய்ப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது. தொண்ணூறுகளில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களைக் குவித்துப் பொறியை ஏய்த்தவர்கள் எந்தத் துலக்கத்தையும் பார்த்துக் கற்றவர்கள் அல்லர். மாறாக, துலக்கம் இருந்தால் அந்தக் குவியல் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

நான்காவது வாதம் இன்றையது, மற்றவற்றைவிடக் கனமானது. இப்போது தேடல் சொல்லால் நடப்பதில்லை. கேள்வியும் ஆவணமும் எண் வரிசைகளாக மாற்றப்பட்டு, எது எதற்கு அருகில் இருக்கிறது என்று அளக்கப்படுகின்றன. அல்லது செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் படித்துச் சுருக்கி ஒரு பத்தியாக விடை எழுதிவிடுகிறது. பொருந்திய சொல் என்று ஒன்று இல்லாதபோது எதைத் துலக்குவது என்று கேட்கிறார்கள். தமிழைப் பொறுத்தவரை இந்த முறைகளை நான் வரவேற்கிறேன். மாசு என்று கேட்டவருக்குக் கழிவுநீரைக் கொண்டுவந்து கொடுப்பவை இவைதான். ஆனால் காட்ட முடியாது என்பது முழு உண்மையில்லை. 2020இல் ஸ்டான்ஃபோர்டில் காட்டபும் ஸஹாரியாவும் வெளியிட்ட கோல்பர்ட் என்ற முறை, கேள்வியின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆவணத்தில் மிக நெருங்கிய சொல் எது என்று கண்டுபிடித்து, அவற்றின் நெருக்கத்தைக் கூட்டி மதிப்பெண் போடுகிறது. மாசு என்பது கழிவுநீரோடு சேர்ந்தது, ஆறு என்பது கரமனையாற்றோடு சேர்ந்தது என்ற ஜோடிகள் கணக்கிலேயே கிடைக்கின்றன. திரைக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. முழு ஆவணத்தையும் ஒரே எண் வரிசையாக்கும் முறையில் இது முடியாது என்றால், ‘உங்கள் சொல் எதுவும் இதில் இல்லை, பொருளில் நெருங்கியது என்று கருதிக் கொடுக்கிறேன்’ என்று எழுதுவதற்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். சுருக்க விடை எழுதும் பொறி, தன் ஒவ்வொரு வாக்கியமும் எந்த மூல வாக்கியத்திலிருந்து வந்தது என்று தொட்டால் திறந்து துலக்கும்படி வைக்க வேண்டும். மூலம் தமிழாக இருந்து, விடைக்கு நடுவே ஆங்கில மொழிபெயர்ப்பு புகுந்து வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எண் ஆறு நதியாவதும் நதி எண்ணாவதும் அந்த இடைவழியில்தான் நடக்கும்.

திருவனந்தபுரத்தில் தமிழ் ஏடும் நூலும் குறைவில்லை. காரியவட்டத்தில் உள்ள ஓலைச்சுவடி நூலகம், 1829 முதல் இயங்கும் மாநில மைய நூலகம், பல்கலைக்கழகத் தமிழ்த்துறை, கிள்ளிப்பாலத்துத் தமிழ்ச் சங்கம் என்று இந்த நகரத்திலேயே இவ்வளவு இருக்கின்றன. தமிழ்ச்சங்கம், தமிழ்ச் சங்கம், தமிழ் சங்கம் என்று மூன்று விதமாக இந்தப் பெயரைத் தேடுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். இவை போன்ற இடங்களில் மின்மயமாக்கம் என்றால் எத்தனை பக்கம் வருடினோம் என்ற கணக்கையே முன்வைக்கிறார்கள். பணம் கொடுக்கும் அமைப்புகளும் அதையே கேட்கின்றன. இனி ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் தேடலுக்கென்று நாலு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: பொருந்திய சொல்லை மூலத்தில் உள்ள வடிவில், முழுச் சொல்லாக, வாக்கியத்தோடு காட்டவேண்டும், விடுபட்ட சொல்லைக் கோடு அடித்துச் சொல்லவேண்டும், தானாக விரித்த சொல்லை அறிவித்து, அணைக்கவும் வழி வைக்கவேண்டும், வருடிய பக்கத்தில் படத்தின்மேல் இடம் காட்டவேண்டும். செலவு என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில், தமிழ்ச் சொல்லின் விகுதியை வெட்டும் நிரல் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. பொருந்திய இடத்தைத் துலக்கித் துணுக்காக எடுத்துத் தரும் கட்டளை அதற்கும் பல ஆண்டு முன்பிருந்தே அதில் இருக்கிறது.